செங்கோட்டையில் கிடைத்த குமாஸ்தா சிபாரிசுக் கடிதம்: கொல்லம் 1074-ஆ, 1076-ஆ?

புளியரை_வாசகன்

செங்கோட்டையில் ஒரு வீட்டுத் தகரப்பெட்டியிலிருந்து வந்த கடிதம். ஃபுல்ஸ்கேப் தாள், ஒரு பக்கம் மட்டும் இங்கிலீஷ் கையெழுத்து, 19 வரி. மேலே வலது மூலை கிழிந்துவிட்டதால் ஊரும் தேதியும் போய்விட்டன. சம்பந்தப்பட்டவர்களின் பெயரை இங்கே போடவில்லை.

சாரம் இதுதான். இதைக் கொண்டுவருபவர் திருவிதாங்கூர் மராமத்து (பொதுப்பணி) இலாகாவில் எழுதியவரின் கீழே ஐந்து வருஷம் குமாஸ்தா, சம்பளம் 15 ரூபாய். எழுத்து சுத்தம், கணக்கில் நம்பலாம், நடத்தை நல்லது. ஆபீஸில் ஆள் குறைப்பதால் வேலை போகிறது, அவர் பேரில் குற்றம் ஒன்றும் இல்லை. சமீபத்தில் முடிந்த சென்சஸ் கணக்கெடுப்புக்கும் உதவியாக இருந்தார். ரயில்வே வேலையில் இடம் தேடுகிறார், சிபாரிசு செய்வதில் தயக்கமில்லை.

பின்பக்கம் தமிழில் ஒரே வரி: ௲௭௰, அடுத்த எழுத்து மடிப்பில் நைந்திருக்கிறது, பிறகு ௵ மாசி ௴ ௨௰௪ ௳.

அந்த ஒற்றை எழுத்து எனக்கு ௪ மாதிரியும் தெரிகிறது, ௬ மாதிரியும் தெரிகிறது. எப்படி முடிவு செய்வது? தாள் மடிப்பில் விட்டுக்கொண்டு வருகிறது. லேமினேஷன் போட்டுவிடலாமா?

மைக்கூடு

தம்பி, லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகின பிளாஸ்டிக்கும் பசையும் நாருக்குள் இறங்கிவிட்டால் பிரிக்க முடியாது. தாளில் இருக்கிற அமிலமும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். செல்லோடேப்பும் கூடாது. சில வருஷத்தில் டேப் கழன்று விழும், மஞ்சள் பசை மட்டும் தாளிலேயே நிற்கும்.

மையைச் சொல்லுங்கள். பழுப்பா, கருப்பா, ஊதாவா? பழுப்பாக இருந்து, எழுத்தைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையமும், தாளின் மறுபக்கத்தில் எழுத்தின் நிழலும் தெரிந்தால் அது இரும்பு மை. மாசிக்காய் அல்லது கடுக்காய்ச் சாறு, அன்னபேதி (இரும்பு சல்பேட்), கருவேலம்பிசின் சேர்த்த மை. எழுதும்போது வெளுப்பாக இருந்து காற்றுப் பட்டுக் கறுக்கும், பல பத்தாண்டு கழித்துப் பழுப்பாகும். அன்னபேதி கூடிப்போன மையில் இரண்டு கெடுதல். ஒன்று, கந்தக அமிலம் தாளின் நாரை அறுக்கும். இரண்டு, மிச்சம் நிற்கிற இரும்பு அந்த நாரை ஆக்ஸிஜனோடு சேரத் தூண்டிக்கொண்டே இருக்கும். மை கனமாக விழுந்த கீழ்க்கோடுகளில்தான் முதலில் விரிசல் வரும்.

இந்த மைக்கு ஈரமே ஆகாது. மடிப்பு நிமிரத் தண்ணீர் தெளிப்பது, ஆவி காட்டுவது, இஸ்திரி போடுவது, எல்லாமே இரும்பைப் பக்கத்து நாருக்கு நகர்த்திவிடும். ஒன்றும் செய்யாமல் இரண்டு வெள்ளை மையொற்றுத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே ஒரு கண்ணாடிப் பலகை வையுங்கள். இரண்டு வாரம் போதும். அதையும் சாரல் காலத்தில் செய்யவேண்டாம். மாசி, பங்குனி வெயில் காலத்தில் செய்யுங்கள்.

கச்சேரிக்கணக்கு

ஆண்டுக் கேள்விக்கு வருகிறேன்.

௲ ஆயிரம், ௭ ஏழு, ௰ பத்து. ஆக ஆயிரத்து எழுபதும் ஏதோ ஒன்றும். நூறு இல்லாததால் ௱ வராது, எழுத்து விட்டுப்போனதாக நினைக்கவேண்டாம். ௨௰௪ என்றால் 24. ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி. இது திருவிதாங்கூரில் வழங்கின கொல்லம் ஆண்டு. ஆவணியில், அதாவது மலையாளச் சிங்கத்தில் பிறக்கும் ஆண்டு. ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை 824 கூட்டவேண்டும், ஜனவரி முதல் ஆடி முடிய 825. மாசி என்பதால் இங்கே 825. ௪ என்றால் 1074, அது 1899. ௬ என்றால் 1076, அது 1901. எல்லா மாதத்துக்கும் 825 கூட்டி ஐப்பசி, கார்த்திகைக் கடிதங்களை ஒரு வருஷம் தள்ளிப் போடுகிற தப்பு அச்சான புத்தகங்களிலேயே இருக்கிறது.

௪-க்கும் ௬-க்கும் சண்டை வந்தால் அதே கையை வைத்தே தீர்க்கலாம். ௪ ‘ச’ போல, ௬ ‘சு’ போல. உங்கள் வரியிலேயே ‘மாசி’ இருக்கிறது, அதில் ‘ச’ வடிவம் கிடைக்கிறது. ௨௰௪-இல் சந்தேகமில்லாத ஒரு ௪ கிடைக்கிறது. அந்த இரண்டிலும் கடைசிக் கோடு எங்கே நிற்கிறது, கீழே இறங்கிச் சுழிக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் நைந்த எழுத்துக்கு வாருங்கள்.

இன்னொன்று கேட்கவேண்டும். இங்கிலீஷ் பக்கத்தில் கையெழுத்துக்கு முன்னால் ஏதாவது எழுத்து இருக்கிறதா? கையெழுத்தும் கடிதத்தின் உடம்பெழுத்தும் ஒரே கையா?

புளியரை_வாசகன்

மை பழுப்பு, வளையம் உண்டு. பின்பக்கம் நிழல் லேசாக.

கையெழுத்துக்கு முன்னால் பெரிய எஸ், பக்கத்தில் மேலே தூக்கிச் சின்ன டி, அடியில் ஒரு கோடு. பெயரும் கடிதத்தின் மற்ற எழுத்தைப் போலவே நேராக, சுத்தமாக இருக்கிறது. இடது மேல் மூலையில் குண்டூசித் துரு இரண்டு புள்ளி.

கச்சேரிக்கணக்கு

அப்படியென்றால் உங்கள் கையில் இருப்பது நகல். அந்த எஸ்-டி ‘சைன்ட்’ என்பதன் சுருக்கம். ‘அசலில் இன்னார் கையொப்பம் இட்டிருக்கிறார்’ என்று நகல் எடுப்பவர் சொல்கிற குறி அது. எந்த அதிகாரியும் தன் கையெழுத்துக்கு முன்னால் அதைப் போடமாட்டார். அதோடு அதிகாரி கையெழுத்து என்றால் வேகம் இருக்கும், எழுத்து உருண்டு ஓடும், பேனா அழுத்தம் மாறும். உடம்பெழுத்தைப் போலவே நிதானமாக இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

சிபாரிசுக் கடிதத்தின் அசல் அந்தக் குமாஸ்தாவுக்குச் சொத்து. அதை யாரும் மனுவோடு கொடுத்துவிடமாட்டார்கள். நகல் எடுத்து மனுவோடு சேர்ப்பார்கள், நேரில் கூப்பிட்டால் அசலைக் காட்டுவார்கள். மூன்று நான்கு அதிகாரிகளின் சான்று இருந்தால் நகல்களை அடுக்கிக் குண்டூசி குத்துவார்கள். உங்கள் துருப்புள்ளி அந்த வகையாக இருக்கலாம். அசல் என்றால் வேறு மாதிரித் தேய்ந்திருக்கும். நாலாக, எட்டாக மடித்து மடியில் சுமந்ததால் மடிப்புகள் குறுக்கும் நெடுக்கும் விட்டு, வெளிப்பக்க மடிப்பு மட்டும் கை எண்ணெயில் கறுத்திருக்கும். வரைவு என்றால் தாளை நெடுக்குவாட்டில் பாதியாக மடித்து வலது பாதியில் மட்டும் எழுதியிருப்பார்கள், இடது பாதி மேலதிகாரி திருத்துவதற்கு. ஆக அசலா, நகலா, வரைவா என்பதை முதலில் முடிவு செய்தாகவேண்டும். ஆண்டு, ஆள், கருத்து எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதனால் ஒரு சிக்கலும் வருகிறது. பின்பக்கத் தேதி கடிதம் எழுதின தேதியாக இருக்கவேண்டியதில்லை. நகல் எடுத்த தேதியாகவோ மனு அனுப்பின தேதியாகவோ இருக்கலாம். கடிதம் அதற்கு முந்தியது என்று மட்டும் சொல்லலாம்.

தென்காசி_தாள்

நகல்தான் என்றால் இவ்வளவு பாடு எதற்கு? அசல் கிடைத்தால் பேசலாம். இது யாரோ பார்த்து எழுதினது.

கச்சேரிக்கணக்கு

அந்த ‘யாரோ’ யார் என்று யோசியுங்கள், அண்ணாச்சி. அந்தக் காலத்தில் மனுவைச் சொந்தக் கையெழுத்தில் எழுதச் சொல்வது வழக்கம். குமாஸ்தா வேலை என்பதே வரைவைப் பார்த்துப் பிழையில்லாமல் சுத்தப்பிரதி எழுதுவதுதான். தட்டெழுத்து இயந்திரம் ஆபீஸ்களில் பரவும் வரைக்கும் எழுத்து அழகு என்பது அலங்காரம் இல்லை, வேலைத் தகுதி. கடிதமும் ‘எழுத்து சுத்தம்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. இந்த நகல் அந்தக் குமாஸ்தாவே எழுதினது என்றால், அதிகாரி எதைப் புகழ்ந்தாரோ அதன் மாதிரியே நம் கையில் இருக்கிறது. அசலில் அது கிடைக்காது, அதில் அதிகாரியின் கைதானே இருக்கும்?

ஆனால் அவர்தான் எழுதினார் என்று உறுதியாகச் சொல்ல வேறு சான்று வேண்டும். பெட்டியில் அவர் கைப்பட்ட வேறு இங்கிலீஷ்த் தாள் ஏதாவது இருந்தால் ஒப்பிடலாம். பின்பக்கத் தமிழ் வரியோடு ஒப்பிடமுடியாது, லிபி வேறு. மையின் நிறமும் நிப்பின் அகலமும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

கண்பாலம்

ரயில்வே, சென்சஸ் இரண்டையும் வைத்து ஆண்டை நெருக்கலாம்.

கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904-இல் முழுசாகத் திறந்தது. அதற்கு முந்தின வருஷங்களில் மலைக் குகைகள், கழுத்துருட்டிப் பக்கத்துப் பதிமூணு கண் பாலம் என்று வேலை நடந்தபோது கணக்கெழுத, ஸ்டோர் பார்க்க, கூலிப்பட்டியல் போட ஆள் தேவை. மராமத்துக் கணக்கு தெரிந்த ஒருவர் அங்கே போக நினைத்தது பொருத்தம். ஆனால் 1899, 1901 இரண்டுக்குமே அது பொருந்தும். ரயில்வேயை வைத்துத் தீர்ப்பு வராது.

சென்சஸ் தீர்க்கும். 1891 கணக்கெடுப்பு பிப்ரவரி 26-இல் நடந்தது, அடுத்தது 1901 மார்ச் 1. கடிதம் 1899 மாசிக்கு முந்தியது என்றால், எட்டு வருஷத்துக்கு முன் நடந்ததை ‘சமீபத்தில் முடிந்த’ என்று யாரும் எழுதமாட்டார்கள். போதாததற்கு, அதிகாரியின் கீழ் ஐந்து வருஷம்தான் வேலை என்கிறது கடிதம். 1891-இல் அவர் அந்த ஆபீஸிலேயே இல்லை. 1901 என்றால் மார்ச் 1 சுமார் மாசி 18, உங்கள் 24 மார்ச் 7-ஐ ஒட்டி. ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம். கணக்கெடுப்பு முடிந்து ஒரு வாரம். பொருந்துகிறது.

அனந்தபுரி_ஏடு

கண்பாலம் சொன்னதில் ஒரு சொல்லைக் கவனிக்கவேண்டும். மார்ச் 1-இல் முடிந்தது வீடு வீடாகப் போய் எண்ணுகிற வேலை மட்டும்தான். அதன்பிறகு ஆளுக்கொரு சீட்டாகப் படி எடுத்துப் பிரித்து அடுக்கும் வேலை மாதக்கணக்கில் ஓடும். இந்தச் சீட்டு முறையே 1901 கணக்கெடுப்பில்தான் இந்தியாவில் வந்தது. கடிதத்தில் இருக்கிற சொல் ‘எனுமரேஷன்’ என்றால் மார்ச் முதல் வாரம் சரி. ‘சென்சஸ் ஒர்க்’ முழுசாக முடிந்தது என்று இருந்தால் கடிதம் 1901 பிற்பாதிக்குப் போய்விடும், அப்போது மாசி 1076 பொருந்தாது, அடுத்த மாசியாக 1077-ஐயும் பார்க்கவேண்டிவரும். புளியரைத் தம்பி, அந்த வரியைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள்.

1891 மலையாளி மெமோரியலை இதோடு முடிச்சுப் போட யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். பரதேசத் தமிழருக்கே பதவி போகிறது என்று மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் 10,000-க்கு மேல் கையெழுத்தோடு கொடுத்த அந்த மனு, பெரிய உத்தியோகங்களைப் பற்றித்தான் அதிகம் பேசியது. அதன் காற்று செங்கோட்டை ஆபீஸ்கள் வரை வீசியிருக்கும். ஆனாலும் இந்தக் கடிதம் ஆள் குறைப்பு என்று காரணத்தைத் தானே சொல்கிறது. 15 ரூபாய்க் குமாஸ்தாவின் வேலை போனதற்கு மெமோரியலைக் காரணமாக ஒட்டுவதற்குத் தாளில் ஆதாரமில்லை.

தேட விரும்பினால் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள கேரள அரசு ஆவணக்காப்பகத்துக்குப் போங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது. அதனால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தை முதலில் தட்டிப் பிரயோஜனமில்லை. 1863 முதல் வந்த திருவிதாங்கூர் சர்க்கார் கெஜட்டில் அதிகாரிகளின் நியமனம், மாற்றல், லீவு இருக்கும். 15 ரூபாய்க் குமாஸ்தாவைத் தேடாதீர்கள், கையொப்பமிட்ட அதிகாரியைத் தேடுங்கள். அவர் எந்த வருஷம் எந்த டிவிஷனில் இருந்தார் என்று தெரிந்தால் ‘ஐந்து வருஷம்’ என்பது சரியா என்று பார்த்துவிடலாம்.

புளியரை_வாசகன்

வரி இப்படி முடிகிறது: ‘…இன் தி’, அடுத்த வரியில் ‘சென்சஸ் எனு’, அதன்பின் ஐந்தாறு நிமிர்ந்த கோடு, ‘அஷன் ஜஸ்ட் ஓவர்’. நடுவே எம், என், ஆர், ஐ எதுவும் பிரித்துப் படிக்க வரவில்லை.

மைக்கூடு

அது எழுதினவர் குறை இல்லை. கூர்நிப்பில் கீழ்நோக்கி இழுக்கும்போது நிப் விரிந்து கனத்த கோடு விழும், மேல்நோக்கிப் போகும்போது மயிரிழைதான். மை வெளுக்கும்போது மயிரிழை முதலில் மறையும். எழுத்துகளை இணைக்கிற கோடுகள் போய், கனத்த கால்கள் மட்டும் வேலிக்கம்பு மாதிரி நிற்கும். கால்களை எண்ணுங்கள். எம்முக்கு மூன்று, என்னுக்கு இரண்டு, யூவுக்கு இரண்டு, ஐக்கு ஒன்று. ஐயின் புள்ளி தப்பியிருந்தால் அதுவே பெரிய உதவி.

படத்தை வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. தாளைத் தட்டையாக வைத்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி வெளிச்சம், பக்கத்தில் ஒரு ஸ்கேல். ஃபிளாஷ் கூடாது. படத்தைக் கிம்ப் என்கிற படத் திருத்து மென்பொருளில் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரியுங்கள். பழுப்பு மை நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும், அதனால் நீலப் படத்தில் மயிரிழை திரும்பத் தெரியும். தாள் மஞ்சளாகி இருந்தால் அதுவும் கொஞ்சம் கறுக்கும், அளவாகத் திருத்திக்கொள்ளலாம். 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் கிடைத்தால் இரும்பு மை அதில் கறுப்பாக எழும். பத்து விநாடிக்கு மேல் காட்டவேண்டாம், கண்ணுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

நைந்த எழுத்துக்கு இன்னொரு வழி. அறையை இருட்டாக்கி ஒரே விளக்கைத் தாளின் ஓரத்தில் படுக்கையாக வைத்துப் படம் எடுங்கள். நிப் அழுத்தின பள்ளம் நிழலாகத் தெரியும். மை போனாலும் பள்ளம் நிற்கும்.

புளியரை_வாசகன்

செய்து பார்த்தேன். நீலப் படத்தில் இணைப்புக் கோடு வந்துவிட்டது, சொல் ‘எனுமரேஷன்’ தான்.

பின்பக்கம் படுக்கை வெளிச்சத்தில்: ‘மாசி’யின் ‘ச’வும் ௨௰௪-இன் ௪-உம் ஒரே மாதிரி, கடைசிக் கோடு வரியோடு நின்றுவிடுகிறது. நைந்த எழுத்தில் கோடு வரிக்குக் கீழே இறங்கி இடப்பக்கம் திரும்பின பள்ளம் தெரிகிறது. மடிப்பு அதன் மேலேயே போவதால் பாதிச் சுழி இல்லை.

கச்சேரிக்கணக்கு

அப்போது ௬. பத்துகளின் இடத்து ௭ பக்கத்திலேயே இருக்கிறது, ஏழு என்றால் அந்த உருவம் வந்திருக்கும். 1077 கணக்கிலிருந்து போய்விட்டது. ‘எனுமரேஷன்’ என்ற சொல்லும் ௬-உம் தனித்தனியாக வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன: கொல்லம் 1076 மாசி 24, 1901 மார்ச் முதல் வாரம். கடிதமும் அதே வாரத்தது, மார்ச் 1-க்கும் நகல் தேதிக்கும் நடுவில்.

எழுத்துப்பெயர்ப்பு செய்யும்போது வரி முறிவை அப்படியே வையுங்கள். 19 வரி என்றால் 19 வரி. கிழிந்த மூலைக்குச் சதுர அடைப்பில் மூன்று புள்ளி. ஊகித்துப் படித்ததைச் சதுர அடைப்பில் போட்டு ஒரு கேள்விக்குறி, அந்த ௬-உம் அப்படியே. எஸ்-டியை விரித்து எழுதாதீர்கள், இருக்கிறபடி விடுங்கள். அதைத் திருத்திவிட்டால் நாளைக்குப் படிக்கிறவர் நகலை அசல் என்று எடுத்துக்கொள்வார். 15 ரூபாயையும் மாற்றவேண்டாம். திருவிதாங்கூரில் சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம் (அந்த ஊர்ச் சில்லறைக் காசு), பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. 15 ரூபாய்க்கு 420 சக்கரமா, நானூற்று இருபத்தேழரையா என்பது எந்த ரூபாய் என்று தெரிந்தால்தான் சொல்லமுடியும், கடிதம் வெறும் ரூபாய் என்றுதான் சொல்கிறது.

தென்காசி_தாள்

நகல் என்று ஒதுக்கினது என் அவசரம். அந்த வீட்டுப் பெட்டியில் அதே கையில் எழுதின பற்றுச்சீட்டு, கணக்கு நோட்டு ஏதாவது இங்கிலீஷில் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள், தம்பி. ஒரு பக்கம் போதும் ஒப்பிட.

மைக்கூடு

வைப்பது பற்றி. அமிலமில்லாத தாளில் ஒரு உறை மடித்து அதற்குள் வையுங்கள். பிளாஸ்டிக் உறைதான் வேண்டுமென்றால் பாலியெஸ்டர், பிவிசி கூடாது. மடிப்பு விடுகிற இடத்தை இப்போது ஒட்டவேண்டாம். மாவுப்பசையில் ஈரம் உண்டு, இரும்பு மைமேல் அது படக்கூடாது. பாதுகாப்பு நிபுணர் யாராவது பார்த்துவிட்டு ஜப்பான் மெல்லிழைத்தாளால் செய்யட்டும். ஸ்டீல் பீரோ நல்லது, ஆனால் மழை அடிக்கிற வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைச் சாரலில் பீரோவுக்குள் சிலிக்கா ஜெல் பை போடுங்கள், நிறம் மாறினதும் எடுத்து 120 டிகிரியில் இரண்டு மணிநேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் கட்டிப் பீரோ மூலையில் வைக்கலாம். வசம்பு தாளைத் தொடக்கூடாது, அதன் எண்ணெய் கறையாகும். அந்துருண்டை வேண்டாம்.

புளியரை_வாசகன்

பெட்டியில் ஒரு நாலு பக்கக் கூலிக்கணக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள், இங்கிலீஷ் எண்ணும் எழுத்தும். ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்துக் கடிதத்தின் 3, 7, 12-ஆம் வரிகளோடு சேர்த்து இங்கே போடுகிறேன். பெரிய டி, சின்ன ஜி, எண் 5 மூன்றும் இரண்டு தாளிலும் இருப்பதால் அவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.